நீயே பாத்துப் போடுக்கா!

டோக்கியோவில் ஒமகாசே, ஒகேனக்கல்லில் மீன் வறுவல்... ஒரு ருசியான ரவுண்ட்-அப்!

ஹோட்டலுக்குப் போனதும் மெனு கார்டை மேலேர்ந்து கீழே, கீழேர்ந்து மேலே நாலு தடவை படிச்சுட்டு, கடைசியில ‘ரெண்டு பரோட்டா, சால்னா தனியா’னு சொல்ற கோஷ்டியா நீங்க? அப்போ இது உங்களுக்காகத்தான் பாஸ்!

ஜப்பான்ல ஒரு வகை சூஷிக் கடை இருக்கு. மெனு கார்டே கிடையாது. உள்ளே போய் உட்கார்ந்ததும் நீங்க சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை... ‘ஒமகாசே’. ‘உங்ககிட்டயே விட்டுட்டேன்’னு அர்த்தம். அவ்வளவுதான். அன்னிக்குக் காலையில மார்க்கெட்ல எந்த மீன் நல்லா இருந்துச்சோ, அதை எந்த வரிசையில கொடுத்தா நாக்கு சந்தோஷப்படுமோ, அதையெல்லாம் எதிர்ல நிக்குற மாஸ்டர் முடிவு பண்ணுவார். ஒவ்வொரு துண்டா உங்க முன்னாடி வைப்பார். வாயில போட வேண்டியது மட்டும்தான் நம்ம டூட்டி.

இந்த விஷயத்துல உலக ஃபேமஸ், டோக்கியோவின் கின்சா ஏரியாவுல இருக்கிற ‘சுகியபாஷி ஜிரோ’. ஒரு கட்டடத்தோட அண்டர்கிரவுண்ட்ல, சுரங்க ரயில் ஸ்டேஷன் பக்கத்துல, வெறும் பத்தே ஸீட். நம்ம ஊர் டீக்கடை பெஞ்சுகூட இதைவிட அதிகம் பேரைத் தாங்கும்! ஓனர் ஜிரோ ஓனோ 1925-ல் பிறந்தவர். 2025 அக்டோபரில் நூறு வயசைத் தொட்டுட்டார். 2007-ல் மிஷலின் கைடு இந்தக் கடைக்கு மூணு ஸ்டார் கொடுத்துச்சு. 2011-ல் வந்த ‘ஜிரோ டிரீம்ஸ் ஆஃப் சூஷி’ டாக்குமென்டரிக்கு அப்புறம் உலகமே அங்கே ஸீட் கேட்டு நின்னுச்சு. 2014-ல் அமெரிக்க அதிபரா இருந்த ஒபாமாவை ஜப்பான் பிரதமர் அபே கூட்டிட்டுப் போனதும் இங்கேதான். 2019-ல் மிஷலின் லிஸ்ட்லேர்ந்து கடையை எடுத்துட்டாங்க. ருசி குறைஞ்சதால இல்லை, பொதுமக்கள் யாரும் நேரடியா புக் பண்ண முடியாத நிலைமை வந்துட்டதால! சுமார் இருபது துண்டு சூஷி, அரை மணி நேரத்துல சாப்பிட்டு முடிச்சுடலாம். அந்த டாக்குமென்டரி வந்த சமயத்துலயே பில் 30,000 யென்னுக்குக் குறையாது. எங்க க்ளாஸ் ஹாஸ்டல் மெஸ் பில்லை மொத்தமாக் கூட்டிப் பார்க்கணும்னு தோணுதா? வேணாம், விடுங்க.

நம்ம நாட்டுலயும் இந்த ஸ்டைல் சாப்பாட்டுக்கு வழி இல்லாம இல்லை. மும்பை தாஜ்மஹால் பேலஸ் ஹோட்டல்ல மசஹரு மோரிமோட்டோ என்கிற ஜப்பானிய செஃப் பேர்ல ‘வசாபி’ ரெஸ்டாரன்ட் 2004-லயே வந்தாச்சு. ஆனா தருமபுரி பஸ் ஸ்டாண்டுல நின்னு ‘மும்பை தாஜ் போகுமா?’னு கேட்க முடியாதே! அதனால பென்னாகரம் வழியா ஒகேனக்கல் போற பஸ்ஸைப் பிடிச்சோம். 46 கிலோமீட்டர். ‘அங்கே எங்கேடா ஒமகாசே?’னு கூட வந்த மூணு ஃப்ரெண்ட்ஸும் கலாய்ச்சாங்க. இருக்கு மக்கா, இருக்கு!

கண்ணைப் பாரு, செவுளைப் பாரு

ஒகேனக்கல்னா எல்லாருக்கும் அருவி தெரியும், பரிசல் தெரியும், எண்ணெய் மசாஜ் தெரியும். ‘ரோஜா’ படத்துல அருவியைப் பார்த்த ஞாபகம் நம்ம அப்பா, அம்மாக்களுக்கு இருக்கும். கன்னடத்துல ‘ஹொகே’ன்னா புகை, ‘கல்’னா கல்லு. தண்ணி விழற வேகத்துல கல்லே புகையுற மாதிரி இருக்கிறதால அந்தப் பேர். ஆனா, அருவிக்குப் போற வழியில வரிசையா அடுப்பு வெச்சு உட்கார்ந்திருக்கிற அக்காக்களைப் பத்தி யாரும் தனியா எழுதினதா எனக்கு ஞாபகம் இல்லை.

சிஸ்டம் சிம்பிள். மீன் கடையில நீங்களே மீன் வாங்கணும். கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை, ஜிலேபினு தட்டு தட்டா இருக்கும். அதைக் கொண்டு போய் ஒரு அக்காகிட்ட கொடுத்தா, கிலோவுக்கு இவ்வளவுன்னு சமையல் கூலி. மசாலா, எண்ணெய், அடுப்பு, கைப்பக்குவம் எல்லாம் அவங்களோடது. பஸ்ஸை விட்டு இறங்கினதுமே ‘மீன் வறுக்கணுமா தம்பி... குழம்பு வெக்கணுமா கண்ணு?’னு குரல் வர ஆரம்பிச்சுடும்.

நாங்க மாட்டினது (நல்ல விதமாத்தான்!) ஐம்பது வயசைத் தாண்டின ஒரு அக்காகிட்ட. பேரைப் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ‘பேர் போட்டா மத்த பொம்பளைங்க கோச்சுக்குவாங்க. எல்லாரும் ஒரே மசாலாதான்’னு சிரிக்கிறாங்க. அது பொய்னு சாப்பிட்டப்புறம் தெரிஞ்சுது.

முதல் பாடம் அடுப்புல இல்லை, மீன் கடையிலயே ஆரம்பிச்சுடுச்சு. எங்ககூடவே வந்தாங்க. ‘கண்ணு உள்ள போயிருந்தா எடுக்காத. செவுளைத் தூக்கிப் பாரு, செவப்பா இருக்கணும். விரலால அமுக்கு, குழி விழுந்தா நேத்தய மீனு. எல்லாம் ஆத்து மீன்னுதான் சொல்வாங்க, ஐஸ் பொட்டியில வந்ததும் இருக்கும்’னு காதோரம் கிசுகிசுத்தாங்க. நாங்க குட்டி குட்டியா இருந்த ரோகுவை எடுக்கப் போக, கையைத் தட்டிவிட்டுட்டு ரெண்டரை கிலோ கட்லா ஒண்ணை எடுத்தாங்க. ‘இது சினையா இருக்கு.’ வயித்தைத் தொட்டுப் பார்த்தே சொல்றாங்க. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு, நான்-டெஸ்ட்ரக்டிவ் டெஸ்ட்டிங் பேப்பர்ல இதைச் சேர்க்கலாமேனு தோணுச்சு.

‘எப்படி செய்யட்டும்?’னு கேட்டாங்க. நான் ஜப்பான் மேட்டரை மனசுல வெச்சுக்கிட்டு, ‘நீயே பாத்துப் போடுக்கா’ன்னேன். அக்கா ஒரு செகண்ட் நிமிர்ந்து பார்த்தாங்க. வர்றவங்க எல்லாம் ‘காரம் கம்மி, எண்ணெய் கம்மி, பீஸ் பெருசா, குழம்பு தனியா’னு கண்டிஷன் போடுவாங்களாம். இப்படிச் சொல்றவங்க கம்மியாம்.

அப்புறம் நடந்தது ஒரு ஷோ! முதல்ல வந்தது மீன் இல்லை, அந்தச் சினை. மஞ்சள், உப்பு, கொஞ்சமா மிளகுத்தூள், அவ்வளவுதான். சட்டியில ரெண்டு நிமிஷம். ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு. மொறுமொறுனு ஆரம்பிச்சு உள்ளே மாவு மாதிரி கரையுது. அடுத்து, வயித்துப் பக்கத்துத் துண்டுங்க. இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், எலுமிச்சம்பழம் சேர்ந்த செக்கச்செவேல் மசாலா. கடலை எண்ணெய் சூடாகி லேசா புகை வரும்போது போட்டு, ஒரே ஒரு தடவைதான் திருப்புறாங்க. ‘நாலு தடவை பொரட்டுனா மீன் கோச்சுக்கிட்டு உடைஞ்சிடும்.’ மூணாவதா வால் பக்கம், நல்லா காய வறுத்தது. கடைசியில தலையும் நடுமுள்ளும் போட்ட குழம்பு. புளிக்கு எங்க மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்லணுமா? தக்காளி பாலக்கோடு மார்க்கெட் தக்காளி. குழம்புக்குச் சோறு கேட்டோம். ‘சோறு எதுக்கு?’னு அடுத்த அடுப்புலேர்ந்து கேழ்வரகுக் களி உருண்டையை வாங்கி நடுவுல குழி பண்ணி, குழம்பை ஊத்திட்டாங்க. எங்க ஊர் ராகியோட பவரைத் தனியா சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் ரேஷன் கடையில அரிசிக்குப் பதிலா கார்டுக்கு ரெண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிற திட்டத்தை அரசு முதல்ல ஆரம்பிச்சதே நீலகிரியிலயும் தருமபுரியிலயும்தான்.

இன்னொரு விஷயம் சொல்லியே ஆகணும். எங்க கேங்ல ஒருத்தனுக்கு முள் எடுக்கத் தெரியாது. அவன் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. ரெண்டாவது ரவுண்டுலேர்ந்து அவன் இலையில மட்டும் முள்ளில்லாத சதைப் பக்கமா விழ ஆரம்பிச்சுது. ‘அவன் முழிக்கிறதைப் பார்த்தாலே தெரியுதே’ன்னாங்க அக்கா. டாக்குமென்டரியில ஜிரோ பண்றதும் இதேதான். கஸ்டமர் இடது கைக்காரரானு பார்த்து, அடுத்த சூஷியை அவர் இடது கைக்கு வசதியா வைப்பார்! அங்கே முட்டை சூஷி செய்யக் கத்துக்கிட்ட உதவியாளர் இருநூறு தடவைக்கு மேல செஞ்சும் ஓகே வாங்க முடியாம, கடைசியில ‘இது சரி’னு ஜிரோ சொன்னப்போ அழுதுட்டாராம். அக்காவுக்கு ட்ரெய்னிங் கொடுத்தது மாமியார். எத்தனை தடவை திட்டு வாங்கினீங்கனு கேட்டா, ‘அதை எண்ணியா வெப்பாங்க?’

பச்சையா சாப்பிட்டா என்ன?

சூஷி பத்தி அக்காகிட்ட விளக்கமா சொன்னேன். பச்சை மீன்னதும் முகத்தைச் சுளிச்சாங்க. ‘ஆத்து மீனைப் பச்சையாவா? வயித்துக்கு ஆகாது தம்பி!’ இதை வெறும் அருவருப்புனு நினைச்சுடாதீங்க. சயின்ஸும் அக்கா பக்கம்தான்.

நன்னீர் மீன்ல ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கலாம். வடகிழக்கு தாய்லாந்துல ஆத்து மீனை வேகவைக்காம அரைச்சுச் சாப்பிடுற ‘கோய் பிளா’ங்கிற ஐட்டம் ரொம்ப பிரபலம். அதுல வர்ற ஈரல் புழுவால பித்த நாளப் புற்றுநோய் வருதுன்னு கண்டுபிடிச்சு, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு அந்தப் புழுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகள் பட்டியல்லயே சேர்த்திருக்கு. சூஷிக் கடைகள்ல பெரும்பாலும் கடல் மீனைப் பயன்படுத்துறதுக்கு இதுவும் ஒரு காரணம். கடல் மீன்லயும் புழு உண்டு. அதனால பச்சையா பரிமாறப் போற மீனை மைனஸ் 20 டிகிரியில ஏழு நாள் உறைய வைக்கணும்னு அமெரிக்க உணவுத் துறை சொல்லுது. ஃப்ரீஸர் இல்லையா? உள்ளே 63 டிகிரி சூடு ஏறணும். அக்காவோட கடலை எண்ணெய் அதைவிட ரொம்ப மேலே கொதிக்குது. ஸோ, ஒகேனக்கல் கட்லாவுல சூஷி ட்ரை பண்ணி யூடியூப்ல போடலாம்னு ஐடியா வெச்சிருக்கிற நண்பர்களே... ப்ளீஸ், வேணாம்!

ஆனா ஒரு ட்விஸ்ட். சூஷியோட தாத்தாவே ஆத்து மீன்தான்! தென்கிழக்கு ஆசியாவின் நெல் விளையுற பகுதிகள்ல, மீனை உப்பு போட்டு, வெந்த சோத்துக்குள்ள புதைச்சு மாசக்கணக்கா வெச்சிருந்தாங்க. சோறு புளிக்கப் புளிக்க லாக்டிக் அமிலம் உண்டாகி மீன் கெடாம இருந்துச்சு. நம்ம பழைய சோறு புளிக்கிற அதே மேட்டர்தான். ‘சூஷி’ன்னாலே ‘புளிப்பு’னு அர்த்தம் வர்ற பழைய சொல்லிலேர்ந்து வந்ததுதான். பின்னாடி ஜப்பான்காரங்களுக்குப் பொறுமை போயிடுச்சு. புளிக்க வைக்கிறதுக்குப் பதிலா சோத்துல வினிகரைக் கலந்தாங்க. 1820-கள்ல டோக்கியோவுல (அப்போ அதுக்குப் பேர் எடோ) ஹனாயா யோஹெய் என்பவர் வினிகர் சோத்து உருண்டை மேல மீன் துண்டை வெச்சுக் கையில கொடுத்து ஹிட் அடிச்சார். அதாவது, இன்னிக்கு ஆயிரக்கணக்குல காசு வாங்குற ஐட்டம் பிறக்கும்போது ரோட்டோரக் கையேந்தி பவன் அயிட்டம்!

எங்க டிபார்ட்மென்ட் சார்பா ஒரு குட்டித் தகவலும் சொல்லிடறேன். 1958-ல் ஒசாகா பக்கத்துல யோஷியாகி ஷிராயிஷி என்ற கடைக்காரர், பீர் ஃபேக்டரியில பாட்டில் போற கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துட்டு, சூஷித் தட்டையும் அதே மாதிரி சுத்தவிட்டார். மெக்கானிக்கல் படிச்சவனுக்குச் சமையல்கட்டுலயும் வேலை உண்டு. ப்ளேஸ்மென்ட் செல் கவனிக்கவும்!

பரிசாக வந்த பதினைந்து... பறிபோன மீன்கள்

அந்தப் பழைய புளிச்ச சூஷி இன்னும் சாகலை. ஜப்பானோட பெரிய ஏரியான பிவா பக்கத்துல ‘ஃபுனாசூஷி’னு பேர். அந்த ஏரியில மட்டுமே இருக்கிற ஒரு கெண்டை இன மீன்லதான் செய்யணும். வருஷக்கணக்குல புளிக்கும். இப்போ அந்த மீனே அரிதாகிடுச்சு. காரணங்கள்ல முக்கியமானது, வெளியேர்ந்து வந்த மீன்கள். 1960-ல் இளவரசரா இருந்த அகிஹிட்டோ அமெரிக்கா போனப்போ, சிகாகோ மேயர் ‘புளூகில்’ங்கிற மீனைப் பரிசா கொடுத்தார். பதினைஞ்சு சொச்சம் மீன்னு சொல்வாங்க. சாப்பாட்டு மீனா வளர்க்கலாம்னு ஆராய்ச்சிக்குக் கொடுத்தது பின்னாடி நாடு முழுக்கப் பரவி, பிவா ஏரியோட சொந்த மீன்களோட முட்டையையும் குஞ்சையும் தின்ன ஆரம்பிச்சுடுச்சு. 2007-ல் பிவா கரையில நடந்த விழாவுல, சக்கரவர்த்தியாகிட்ட அகிஹிட்டோ இதுக்காக வருத்தம் தெரிவிச்சார். அவரே ஒரு மீன் ஆராய்ச்சியாளர்ங்கிறதுதான் இதுல சோகம்.

இந்தக் கதையைப் படிச்சப்போ எனக்கு ஒகேனக்கல் மீன் தட்டுதான் கண்ணுல வந்துச்சு. நாம ஆசையா வாங்குற ஜிலேபி மீன் ஆப்பிரிக்கா பார்ட்டி. 1952-ல்தான் இந்தியாவுக்குள்ள வந்துச்சு. கட்லா, ரோகுவும் கங்கைப் பக்கத்து ஆளுங்க. அணைகள்ல வளர்க்கிறதுக்காகத் தெற்கே கொண்டு வந்துவிட்டது. அப்போ காவிரியோட சொந்தக்காரங்க எங்கே?

அவங்கள்ல சூப்பர் ஸ்டார், முதுகுல திமில் வெச்ச மஹ்சீர் மீன். 1946-ல் கபினி ஆத்துல ஒண்ணு 120 பவுண்டு எடையில மாட்டியிருக்கு. கிட்டத்தட்ட 54 கிலோ, அதாவது என்னைவிட வெயிட்! காவிரி படுகையைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் இதுக்கு வீடு கிடையாது. ஆனா சயின்டிஸ்ட்டுங்க இது எந்த இனம்னு உறுதியா பேர் சொன்னதே 2018-லதான். அதே வருஷம் ‘அழிவின் விளிம்பில்’னு சர்வதேச சிவப்புப் பட்டியல்ல ஏறிடுச்சு. இனம் உறுதியான வருஷத்துலயே அபாய மணி! அணைகள், மணல் அள்ளுறது, வெளியேர்ந்து கொண்டுவந்து விட்ட மத்த மஹ்சீர் வகைகள், தண்ணிக்குள்ள வெடி போட்டு மீன் பிடிக்கிறதுனு காரணங்களை அடுக்குறாங்க. வெடியில பெரிய மீன் நாலு கிடைக்கும், குஞ்சு நாநூறு சும்மாவே சாகும். அதைச் செய்யறவனுக்குக் கணக்குப் பாடமே வராதுபோல.

2022 நவம்பர்ல தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளைச் சேர்த்து 686 சதுர கிலோமீட்டரை ‘காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம்’னு தமிழக அரசு அறிவிச்சுது. யானைக்கு மட்டும் இல்லை, நீர்நாய், முதலைக்கும் சேர்த்துத்தான். ‘அப்போ நம்ம பொழைப்பு?’னு மீன் பிடிக்கிறவங்களுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்? ஆத்துல மீன் இருந்தாத்தானே பொழைப்புங்கிறதும் உண்மை. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறதால, இதுல தீர்ப்பு சொல்ற வேலையை நான் எடுத்துக்கலை.

பல்லுக்கும் ஒரு ஜப்பான் கனெக்‌ஷன்

எங்க மாவட்டத்துக்காரங்க நிறைய பேரைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்க. பல்லுல பழுப்பு, மஞ்சள் கறை தெரியும். பல் விளக்காததால இல்லீங்க. போர் தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினா ஆபத்துன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வருஷக்கணக்கா குடிச்சா பல்லு மட்டுமில்லை, எலும்பும் வளையும். காலேஜ் ஐ.டி கார்டு போட்டோவுக்கு வாயை மூடிக்கிட்டே சிரிச்ச பசங்களை எங்க ஊர்ல நிறையப் பார்க்கலாம்.

பக்கத்துலயே காவிரி ஓடியும் போர் தண்ணி குடிச்ச கொடுமைக்கு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்துச்சு. செலவு 1,928 கோடி ரூபாய்க்கு மேல. அதுல பெரும் பங்கு ஜப்பானோட ‘ஜைக்கா’ நிறுவனத்துக் கடன். 2008 பிப்ரவரியில முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகாவுல எதிர்ப்பு கிளம்பி, ஏப்ரல்ல வேலையைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்க வேண்டியதாச்சு. 2013 மே மாசம் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வெச்சார். ஆக, சூஷி வரலைன்னாலும் ஜப்பான்காரங்க காசு எங்க ஊர்க் குழாய் வழியா வந்துட்டுத்தான் இருக்கு. அக்காகிட்ட இதைச் சொன்னேன். ‘அட, அந்தத் தண்ணியிலதான் குழம்பே வெக்கிறேன்’ன்னாங்க.

அக்காவோட பெரிய கவலை வேற. அவங்க பொண்ணு காலேஜ்ல ரெண்டாம் வருஷம். செமஸ்டர் ஃபீஸ் கட்டுற ஜூலை, ஆகஸ்ட்லதான் கர்நாடக அணைகள் நிரம்பி ஆத்துல வெள்ளம் வரும். 2018, 2019, 2022, 2024-னு பல வருஷங்கள்ல வரத்து விநாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டுச்சு. அப்போ குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. டூரிஸ்ட் வரலைன்னா அடுப்பு எரியாது. மேட்டூர்ல தண்ணி ஏறுதுன்னு டெல்டா விவசாயி பட்டாசு வெடிக்கிற அதே நாள்ல, இங்கே சட்டியைக் கவுத்து வெச்சுட்டு வீட்டுக்குப் போவாங்க. தண்ணி ரொம்பக் குறைஞ்சாலும் கஷ்டம், அருவியில கூட்டம் இருக்காது.

அதனால தினமும் காலையில அக்கா முதல்ல பார்க்கிறது மீன் கடையை இல்லை, போனை. பிலிகுண்டுலு. காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற இடத்துல மத்திய நீர்வள ஆணையம் தண்ணி அளக்கிற ஸ்டேஷன். கர்நாடகா வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி கொடுக்கணும்னு 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் சொன்ன கணக்கைச் சரிபார்க்கிறதும் இங்கேதான். பெரிய பெரிய வக்கீலுங்க வாதாடுற அந்த நம்பர், பொண்ணோட வாட்ஸ்அப் வழியா அக்காவுக்கு வருது. நாங்க போன அன்னிக்கு எட்டாயிரம். ‘எட்டுன்னா நல்ல நாளு தம்பி. பரிசல் ஓடும், குளிக்க விடுவாங்க, கூட்டம் வரும்’னு சொல்லிட்டே, அடுத்து வந்த பெங்களூரு கார் கோஷ்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தாங்க... ‘மீன் வறுக்கணுமா கண்ணு?’